செட்டிநாட்டு வீட்டில் இரண்டு இரவு

கானாடுகாத்தானிலோ கடியாபட்டியிலோ விடுதியாகியிருக்கும் பழைய செட்டிநாட்டு வீட்டில் அறை போடுகிறவர்கள் பலர், பெட்டியை வைத்த கையோடு கதவைச் சாத்தி ஏசியைப் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு மனசு ஆறுவதில்லை. அந்த வீட்டிலேயே பார்ப்பதற்குக் குறைவாக உள்ள இடம் அந்த அறைதான்.

நகரத்தார் என்ற செட்டியார் சமூகத்தின் வீட்டில், நடுமுற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஹோட்டல் அறைபோல நாள் முழுக்க இருப்பதற்காகக் கட்டியவை அல்ல. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அவன் பங்காக ஒதுக்கிய இடம் அது. வெள்ளிச் சாமானும் பாத்திரமும் மனைவி கொண்டுவந்த சீரும் அதற்குள் இருக்கும். உட்காருவது, பேசுவது, பந்தி போடுவது, புழுக்கமான இரவில் பாய் விரிப்பது எல்லாம் வெளியேதான், பட்டாலை என்ற முன்கூடத்திலும் தாழ்வாரத்திலும். அதனால் அறை சிறியதாகவும் கொஞ்சம் இருட்டாகவும் இருக்கும். அதற்குள் நல்ல குளியலறை ஒன்றைப் புகுத்தியிருப்பதே பெரிய வேலை. தூங்கவும் குளிக்கவும் மட்டும் அறைக்குப் போங்கள். மிச்ச நேரத்தை வீட்டுக்குக் கொடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் முகப்பிலேயே கொஞ்சம் நில்லுங்கள். தெருவைவிட வீடு நன்றாக உயர்ந்திருக்கும். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டபோது கிளம்பி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது நகரத்தார் மரபு. மழைக்கு ஏங்கும் இந்தச் செம்மண் சீமையில் இவ்வளவு உயரமாக மேடை எழுப்பியதற்கு அந்த வெள்ளத்தின் நினைவைத்தான் காரணமாகச் சொல்வார்கள். நிலைவாசலின் நடுவில் நின்று நேரே பாருங்கள். பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று கதவுக்குப் பின் கதவாக ஒரே கோட்டில் போய், கடைசியில் பின்தெருவின் வெளிச்சம் தெரியும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் இவை. கதவுகள் திறந்திருக்கும் வேளையில் அந்தக் கோட்டில் நின்றால் காற்று ஓடுவதை உடம்பே சொல்லும்.

பட்டாலையில் தூணைக் கட்டிப்பிடித்துப் பாருங்கள். பர்மா தேக்கு. தலைக்கு மேல் உள்ள உத்திரங்களும் பெரும்பாலும் அதே மரம்தான். சுவரில் பெல்ஜியம் கண்ணாடி, தரையில் இத்தாலியப் பளிங்கு, சில வீடுகளில் சுவரின் கீழ்ப்பகுதியில் ஜப்பானிலிருந்து வந்த பூப்போட்ட ஓடு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940-கள் வரை பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று கொண்டுவிற்கப் போன செட்டியார்கள் கட்டியவை இவை. ஏஜெண்டாகப் போகிறவருக்கு மூன்று வருஷக் கணக்கு. அதுவரை ஊரில் வீட்டை நடத்தியது வீட்டுப் பெண்களான ஆச்சிமார். இந்தப் பணம் எப்படி வந்தது என்பதையும் தூணின் அருகில் நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1930-களில் நெல் விலை சரிந்தபோது, செட்டியார்களிடம் வாங்கிய கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் வயல்கள் அவர்கள் வசம் வந்தன. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்களிடம் இருந்தது. 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. 1960-களில் ராணுவ அரசு மிச்சமிருந்ததையும் தேசியமயமாக்கியது. நிலமும் போயிற்று, பணமும் வருவது நின்றது. இது தெரிந்தால் தச்சரின் கைவேலை அழகில் குறைந்துவிடாது. ஆனால் வெறுமனே வாயைப் பிளந்துகொண்டு பார்க்கவும் மனம் வராது.

இனி வளவு. என்னைக் கேட்டால், கொடுத்த வாடகை முழுவதும் இந்த முற்றத்துக்குத்தான். வெளிச்சம் உள்ளே வரும் வழி இது, சூடு மேலே போகும் வழியும் இதுவே. விடிகாலையில் தாழ்வாரம் முழுக்க ஒரே நிழல். வெயில் ஏற ஏற மேற்குப் பக்கத்துத் தூண்களில் முதலில் ஒளி விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாக முற்றத்துக்குள் இறங்கும். உச்சிப்பொழுதில் முற்றத்துக் கல்லில் கால் வைக்க முடியாது. இரண்டு எட்டு தள்ளி ஓட்டுச் சார்ப்பின் அடியில் உட்கார்ந்தால் குளுமையாக இருக்கும். தடித்த சுவர், அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓடு, ஒரே கோட்டில் அமைந்த கதவுகள், நடுவில் திறந்த வானம் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் காரில் இருக்கிறார்கள். ஒரு மத்தியானமாவது எங்கும் போகாமல் தாழ்வாரத்திலேயே இருந்து பாருங்கள்.

மார்கழி, தை மாதங்களில் கூட்டம் வரும், இதமான காலம்தான். நான் ஐப்பசி, கார்த்திகையைச் சொல்வேன். அடைமழையில் நாலு பக்கக் கூரையும் முற்றத்துக்குள் தண்ணீரைக் கொட்டுவதைத் தாழ்வாரத்தில் நனையாமல் உட்கார்ந்து பார்க்கலாம். அந்த மழையை அண்டா வைத்துப் பிடித்தார்கள். தெருவில் ஓடும் மழைநீரும் வீணாகாமல் ஊரணிக்குப் போய்ச் சேரும்படி ஊரையே வாட்டம் பார்த்து அமைத்தார்கள்.

சுவரையும் தரையையும் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. உள்ளங்கையைச் சுவரில் அழுத்துங்கள். சுண்ணாம்பும் கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பல பூச்சாக ஏற்றி மெருகிட்ட சுவர், இன்றும் வழவழவென்று சில்லென்றிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ஆத்தங்குடிக் கல்லில் நடங்கள். பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் இன்னும் கையால்தான் செய்கிறார்கள், பட்டறைக்குள் போய்ப் பார்க்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் சாயம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் நிரப்பி, பிறகு தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளையே கிடையாது. பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. ஆள் நடக்க நடக்க இன்னும் கூடும்.

சாப்பாட்டை முன்கூட்டியே பேசிவிடுங்கள். 'செட்டிநாடு சிக்கன்' என்று ஊரெங்கும் விற்கிற மிளகாய்க் குழம்பை இங்கே வந்தும் கேட்க வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீரில் செய்யும் வெண்டைக்காய் மண்டி, காலையில் வெள்ளைப் பணியாரம், கறுப்புக் கவுனி அரிசியில் செய்த இனிப்பு, முடிந்தால் கும்மாயம் என்று கேளுங்கள். ஊர்க்காரர்கள் சமைக்கும் விடுதியாக இருந்தால் அவர்கள் முகம் மலரும்.

எல்லா விடுதியும் ஒரே அச்சு அல்ல. கானாடுகாத்தானின் விசாலம், ஒரு தந்தை தன் மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய பிற்கால வீடு. பழைய வளவு வீட்டின் கட்டுமுறையைத் தேடுகிறவர்கள் கடியாபட்டி சிதம்பர விலாசுக்கோ, இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் புதுப்பித்த சாரதா விலாசுக்கோ போகலாம். முன்பதிவின்போதே வளவை ஒட்டிய அறையைக் கேட்டு வாங்குங்கள். புதிதாகச் சேர்த்துக் கட்டிய பகுதியில் அறை கொடுத்தால், எத்தனை வசதி இருந்தாலும் எனக்கு அது பாதி அனுபவம்தான்.

மறுநாள் காலை வெயில் ஏறுமுன் தெருவில் நடங்கள். நீங்கள் தங்கிய வீட்டைப் போலவே பெரிய வீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடக்கும். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். முன்னோர் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ மணிவிழா போன்ற சாந்திக்கோ வந்து திறப்பார்கள். ஒரு வீட்டுக்குப் பல புள்ளிகள், அதாவது கல்யாணமான பல குடும்பங்கள் சொந்தம், எல்லாரும் ஒத்துக்கொள்ளாமல் ஓட்டைக்கூட மாற்ற முடியாது. பேச்சு ஒத்துப்போன இடத்தில் வீடு விடுதியாகி விளக்கெரிகிறது. ஒத்துப்போகாத இடத்தில் கூரை இறங்கி, கடைசியில் பிரித்து விற்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் மட்டும் எந்தக் கூரையும் நிற்பதில்லை. விடுதியில் உள்ளவர்களிடம் இந்த வீடு யாருடையது, குடும்பம் இன்னும் வருகிறதா என்று கேளுங்கள். நல்ல விடுதி என்றால் நின்று பதில் சொல்லும்.

ஊர் திரும்பும் வழியில் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு யாராவது அழைத்துப்போவார்கள். பித்தளைக் குத்துவிளக்கு, எனாமல் தூக்கு வாங்குவது உங்கள் விருப்பம். தூணையும் நிலைக்கதவையும் மட்டும் வாங்காதீர்கள். அவை பிரித்த வீட்டிலிருந்து வருபவை. கேட்டு வாங்க ஆள் இருக்கும்வரை இன்னொரு வீட்டைப் பிரிப்பார்கள். அந்தப் பணத்துக்கு இன்னொரு இரவு தங்கிவிட்டுப் போங்கள்.