‘ஜொகூர்’ என்று சரியாக அடித்தும் ஏன் திறக்கவில்லை?

என் படிவம் 5 மாணவி ஒருத்தி, ஒரு பயிற்சித் தளத்தில் ‘ஜொகூர்’ என்ற சொல்லைச் சேர்த்துக் கடவுச்சொல் வைத்தாள். வீட்டுக் கணினியில் திறந்தது. பள்ளியில் திறக்கவில்லை. “டீச்சர், சரியாத்தான் அடிச்சேன்” என்றாள். “மறந்திருப்பே, யோசிச்சுப் பாரு” என்றேன். பிறகுதான் தெரிந்தது, தவறு அவளுடையது அல்ல.

யுனிகோடில் ‘ஜொ’வை இரண்டு வகையில் எழுதலாம். ‘ஜ’வுக்குப் பின் ‘ொ’ என்ற ஒரே குறி வரலாம். அல்லது ‘ெ’, ‘ா’ என்று இரண்டு குறிகள் வரலாம். திரையில் வேறுபாடே தெரியாது. ஆனால் யுடிஎஃப்-8 முறையில் முதல் வகை ‘ஜொகூர்’ 6 குறிகள், 18 பைட். இரண்டாவது 7 குறிகள், 21 பைட். எது பதிவாகும் என்பது நாம் பயன்படுத்தும் விசைப்பலகை மென்பொருளைப் பொறுத்தது. முறையாக அமைந்த தளம் கடவுச்சொல்லை அப்படியே வைத்திருக்காது. அதன் பைட்டுகளிலிருந்து கணக்கிட்ட ஹேஷ் மதிப்பைத்தான் வைத்திருக்கும். ஒரு பைட் மாறினாலும் ஹேஷ் வேறாகிவிடும்.

“கடவுச்சொல்லை ஆங்கில எழுத்தில் மட்டும் வையுங்கள்” என்பதுதான் நமக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை. தற்காப்புக்கு அது சரி. தீர்வாக ஏற்க முடியாது. மேற்சொன்ன இரண்டு வடிவங்களும் சமம் என்று யுனிகோடே சொல்கிறது. இரண்டையும் ஒரே வடிவாக்கும் விதியையும் தருகிறது. ஹேஷ் எடுக்குமுன் அப்படிச் செய்யுமாறு அமெரிக்காவின் என்ஐஎஸ்டி 2017 வழிகாட்டியும் பரிந்துரைக்கிறது. நிரலில் ஓரிரு வரி வேலைதான். அதை விட்டுவிட்டு மொழியைக் குறை சொல்வது நியாயமா?

பயனர் பெயரிலும் சிக்கல் உண்டு. 2018இல் வந்த 8.0 பதிப்புக்கு முன், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் இயல்பு எழுத்துமுறை லத்தீன்-1. அதில் தமிழுக்கு இடமில்லை. கண்டிப்பான சோதனை இல்லாத அமைப்பில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் கேள்விக்குறியாகிவிடும். ‘கவிதா’வும் 5 குறி, ‘மாலதி’யும் 5 குறி, இருவருமே ‘?????’ ஆகிவிடுவார்கள்!

ஆனால் எல்லாப் பழியையும் நிரலர் மேல் போடவும் முடியாது. ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் சேர்த்து அடிப்பதும், ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ‘௭’ஐ அடிப்பதும் நம் பழக்கம். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இவை வேறு வேறு எழுத்துகள். எந்த விதியும் இவற்றைச் சமமாக்காது. இதை வகுப்பறையில் நாம்தான் திருத்த வேண்டும்.

கணினி அறிவியல் மாணவர்களே, தரவுத்தளப் பாடத்தில் ‘தமிழ்’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள்: எழுத்து 3, குறி 5, பைட் 15. இந்த மூன்றும் வேறு வேறு என்று புரிந்தாலே பாதி விடை கையில். ஆசிரியர்களே, அடுத்த முறை ஒரு பிள்ளை “சரியாத்தான் அடிச்சேன்” என்றால், முதலில் நம்பிவிட்டுப் பிறகு சோதியுங்கள்.