டீ கேனில் கரைந்த சர்க்கரை

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் பக்கம் குடியிருக்கும் ஆலைத் தொழிலாளர் வீடுகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு: “நாங்க வெள்ளைச் சர்க்கரையை விட்டுட்டோம்.” சர்க்கரை டப்பா இருந்த இடத்தில் நாட்டுச்சர்க்கரை வந்திருக்கிறது. பிள்ளைக்கு மால்ட் பவுடருக்குப் பதில் சத்துமாவுக் கஞ்சி. இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தியோ தினை தோசையோ. டீக்கடையில் “மாஸ்டர், ஒரு வித்தவுட்” என்று கேட்கும் முப்பத்தைந்து வயதுக்காரர்கள் பெருகிவிட்டார்கள். ஷிப்டுக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிற பெற்றோர் தம் உடம்பைப் பற்றி இவ்வளவாவது யோசிக்கிறார்களே என்பது நல்ல செய்தி. ஆனால் இந்தப் பழக்கத்தைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். போகிற திசை சரிதான். கணக்கில்தான் பிழை இருக்கிறது. அந்தப் பிழையின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது.

அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இந்தியாப்’ ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது; இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இந்தத் தொழில் வட்டாரத்தின் வயதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இல் திறந்தது. அன்று ஐடிஐ, டிப்ளமோ முடித்து இருபது வயதில் உள்ளே போன பிள்ளைகள் இன்று முப்பத்தைந்தைக் கடந்த அப்பாக்கள்; முதல் தலைமுறையினர் ஐம்பதை நெருங்குகிறார்கள். தமிழர்களுக்கு நீரிழிவு தலைகாட்டத் தொடங்கும் வயது இதுதான்.

சர்க்கரையைக் குறைப்பதில் உள்ள நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சின்ன நன்மை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன வரம்பு, நாம் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது; ஐந்து சதவீதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. ஐந்து சதவீதம் என்பது ஏறத்தாழ 25 கிராம். டீக்கடை டீயில் இரண்டு ஸ்பூன் என்று வைத்தாலும் பத்து கிராம் வந்துவிடும். ஷிப்டில் இருப்பவர் நாளுக்கு நான்கு டீ சாதாரணமாகக் குடிப்பார். சோறு, பிஸ்கட், பழச்சாறு எதையும் சேர்க்காமலே நாற்பது கிராம். இதை நிறுத்த பணம் வேண்டாம், சமைக்கத் தனி நேரம் வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நாக்கும் சில வாரங்களில் பழகிவிடும். வாடகை, கடன் தவணை, ஷிப்டு அட்டவணை எல்லாம் பிறர் கையில் இருக்கும் ஒருவருக்குத் தன் கையில் இருக்கிற ஒன்றைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுவது நியாயம். “வித்தவுட்” கேட்பவரைக் கேலி செய்யும் சக தொழிலாளர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேலிக்கு அவர் மசியக் கூடாது.

கோளாறு தொடங்குவது, விட்ட சர்க்கரைக்குப் பதில் இன்னொரு சர்க்கரையைக் கொண்டுவரும்போது. நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும் கருப்பட்டியும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். நூறு கிராம் வெள்ளைச் சர்க்கரையில் ஏறத்தாழ 400 கலோரி என்றால் வெல்லத்தில் 380 அளவில் இருக்கும். இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் ஒரு டம்ளர் பாலில் கலக்கும் இரண்டு ஸ்பூனில் கிடைப்பது கணக்கில் வராத அளவு. அந்த இரும்பு வேண்டுமென்றால் முருங்கைக்கீரையும் கொண்டைக்கடலையும் இருக்கின்றன. ரத்தத்துக்கு வெள்ளை, பழுப்பு என்ற நிறபேதம் தெரியாது. தேனையும் பழச்சாற்றையும்கூட உலக சுகாதார நிறுவனம் இதே கணக்கில்தான் வைக்கிறது. பெரிய ஆபத்து மனத்தில் நடக்கிறது: “இது நல்ல சர்க்கரை” என்ற தெம்பில் அரை ஸ்பூன் கூடுதலாக விழுகிறது. செயற்கை இனிப்பு மாத்திரைகளையும் அதிகம் நம்ப வேண்டியதில்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்த அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023-இல் அதே நிறுவனம் அறிவுறுத்தியிருக்கிறது.

சத்துமாவுக் கதை சற்றுச் சிக்கலானது. வார ஓய்வு நாளில் ஓர் அம்மா கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, நிலக்கடலை எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, தனித்தனியாக வறுத்து, ஏலக்காய் சேர்த்து மில்லில் அரைத்துக்கொண்டு வருகிறார். பயறும் கடலையும் இருப்பதால் இதில் புரதம் கிடைக்கிறது. கடை மால்ட் பவுடர்கள் சிலவற்றில் நூறு கிராமுக்கு முப்பது கிராமுக்கு மேல் சர்க்கரை என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பதை ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பின் கீழ் வைத்து விற்க வேண்டாம் என்று இணைய வணிக நிறுவனங்களுக்குச் சொல்ல வேண்டிய நிலையும் வந்தது. அந்த வகையில் அம்மாவின் உழைப்பு வீண்போகவில்லை. ஆனால் முழுத் தானியமாக இருந்தபோது மெதுவாகச் செரிக்கும் கேழ்வரகு, மையாக அரைபட்டுக் கஞ்சியாகக் கொதித்தபின் வேகமாகச் செரிக்கிறது. அதில் நாட்டுச்சர்க்கரையும் சேர்ந்தால் வேகம் இன்னும் கூடும். அதே மாவைக் கெட்டியாகக் காய்ச்சி, ஆறவைத்து, மோரும் உப்பும் கலந்து கொடுத்தால் அவ்வளவு சர்க்கரையும் மிச்சம். பாட்டிமார் கூழைக் குடித்தது அப்படித்தான்.

கடையில் வாங்கும் சத்துமாவுக்கும் லேபிள் பார்க்க வேண்டும். எடை அதிகமுள்ள பொருள்தான் பட்டியலில் முதலில் வரும். சர்க்கரையோ வெல்லப்பொடியோ முதல் மூன்று பெயர்களுக்குள் இருந்தால் திருப்பி வைத்துவிடலாம்.

இதைவிடப் பெரிய கணக்குப் பிழை தட்டில் இருக்கிறது. அதே ‘இந்தியாப்’ ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்தது. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது அது. அரிசியை விட்டு முழுக்கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறினால் மட்டும், மொத்த மாவுச்சத்தின் அளவு குறையாத வரை, நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை, மொத்தக் கலோரியில் ஐந்து சதவீத அளவுக்கு, பருப்பு வகையாகவோ பால் பொருளாகவோ மாற்றினால்தான் ஆபத்து குறைகிறது. இதை நம் வட்டாரத்து வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். சோற்றை விட்டுவிட்டு நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சாப்பிடுபவர் தான் கட்டுப்பாட்டில் இருப்பதாக நினைக்கிறார். அவருக்குத் தேவைப்பட்டது இரண்டு கரண்டி குறைந்த சோறும், பக்கத்தில் ஒரு கிண்ணம் சுண்டலும், அல்லது ஒரு முட்டையும் கொஞ்சம் தயிரும். டீயும் க்ரீம் பிஸ்கட்டும் வாங்கும் காசுக்கு ஒரு முட்டை வந்துவிடும்.

அடுத்து நேரம். வாரம் ஒரு முறை ஷிப்டு மாறும் உடம்புக்கு எதைச் சாப்பிடுகிறோம் என்பதைப் போலவே எப்போது சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் பாஸ்டனில் 19 பேரை வைத்து நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இரவுப் பணிச் சூழலை உருவாக்கி ஒரு பிரிவினரை இரவிலும் சாப்பிட வைத்தார்கள், இன்னொரு பிரிவினரைப் பகலில் மட்டும். இரவில் சாப்பிட்டவர்களுக்குச் சராசரி குளுக்கோஸ் 6.4 சதவீதம் உயர்ந்தது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு உயரவில்லை. சின்ன ஆய்வுதான், அதை வைத்து எல்லாவற்றையும் முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் நைட் ஷிப்டில் நள்ளிரவுக்கு மேல் முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத் தூக்கத்தை விரட்ட இனிப்பு டீ குடிப்பவருக்கு அது ஏதோ சொல்கிறது. கிளம்பும் முன் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டு, நள்ளிரவில் லேசாக எடுத்துக்கொள்வது பலருக்கு முடியும். ஆனால் சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் தாமாக வேளையைத் தள்ளிப்போடக் கூடாது. மருத்துவரிடம் ஷிப்டு நேரத்தைச் சொல்லி மருந்து நேரத்தை மாற்றிக் கேட்க வேண்டும். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட ஒரு பொட்டலம் குளுக்கோஸ் அவர்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். “சர்க்கரையே தொட மாட்டேன்” என்ற பிடிவாதம் ஓடும் இயந்திரத்தின் முன் உயிருக்கே ஆபத்து.

தூக்கத்தைப் பற்றிப் பேசாமல் முழு ஆரோக்கியம் என்று பேசுவதில் பொருளில்லை. நைட் முடித்துக் காலை எட்டு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் இறங்கும் அப்பா, தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீட்டில், மூன்று வயதுப் பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் படுக்கிறார். தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, இனிப்பு மேல் ஆசையும் கூடும். கம்பெனிகள் வைக்கும் யோகா நாள், நடைப்போட்டி எல்லாம் கெடுதல் இல்லை. ஆனால் ஷிப்டு வாரா வாரம் மாறாமல் கொஞ்ச காலம் ஒரே சீராக நின்றால் கிடைக்கும் நன்மையை அவை தந்துவிடாது.

வீட்டுக்குள் இந்தச் சுமை பெரும்பாலும் பெண் மேல்தான் இறங்குகிறது. கணவன் ஒரு ஷிப்டு, மனைவி எதிர் ஷிப்டு என்று மாற்றி மாற்றிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளிலும் மாவு வறுப்பதும், ஊறவைப்பதும், ஆளுக்கொரு சமையல் செய்வதும் அவள் வேலையாகவே இருக்கின்றன. அவள் சோர்ந்துபோன மாலையில் பிள்ளை கையில் பத்து ரூபாய் பாக்கெட் ஏறுகிறது. அதற்காக அவளைக் குறை சொல்லும் ஆரோக்கியப் பேச்சை நான் ஏற்க மாட்டேன்.

இங்கேதான் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நினைவுக்கு வருகிறது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். மதியம் சத்துணவில் முட்டை. விடியுமுன் ஷிப்டுக்குக் கிளம்பும் அம்மாவின் பிள்ளை, பிஸ்கட்டைத் தொட்டுக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போக வேண்டிய அவசியத்தை அது நீக்கியிருக்கிறது. சர்க்கரைக் குறைப்பு என்ற பெயர் அதற்கு இல்லை, விளைவு அதுதான். ஐந்தாம் வகுப்போடு அது நின்றுவிடுவது குறை.

பெரியவர்களுக்கும் பொதுச் சமையலறை உண்டு: ஆலைக் கேன்டீன். ஒரு நாளில் ஒரு முழுச் சாப்பாடும் இரண்டு டீயும் அங்கே முடிகின்றன. பல ஆலைகளில் டீ பெரிய கேனில் வருகிறது, அல்லது மெஷினில் பொடியாக. இரண்டிலும் சர்க்கரை முன்பே கலந்தாயிற்று. வீட்டில் டப்பாவையே தூக்கி எறிந்தவர் இங்கே “வித்தவுட்” கேட்க வழியில்லை. பத்து நிமிட இடைவேளையில் கிடைப்பதைக் குடித்துவிட்டு லைனுக்குத் திரும்ப வேண்டும். கூடக் கிடைப்பது பிஸ்கட். அதில் ஏறத்தாழ கால் பங்கு சர்க்கரை. தனிமனித ஒழுக்கம் என்று நாம் பேசும் அத்தனையும் இந்தக் கேனின் குழாயடியில் நின்றுபோகிறது.

கேன்டீன் நிர்வாகத்தின் தயவில் ஓடும் விஷயமல்ல. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீனைக் கட்டாயமாக்கியது. அதை நடத்தும் குழுவில் தொழிலாளர்களுக்கு இடம் தரவும் வழி சொன்னது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு கேன்டீனுக்கான வரம்பை 100 பேராகக் குறைக்கிறது. கேட்டால் நடக்குமா என்பவர்களுக்கு 2021 டிசம்பரை நினைவூட்ட வேண்டும். பூந்தமல்லி அருகே விடுதி உணவால் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சுங்குவார்சத்திரம் ஆலை மூடப்பட்டு அடுத்த ஆண்டு ஜனவரியில்தான் திறந்தது. கெட்ட சாப்பாடு ஒரே நாளில் ஆளைச் சாய்த்ததால் சாலை நிறைந்தது. இருபது ஆண்டுகளில் மெல்லச் சாய்க்கும் சாப்பாட்டுக்கு யாரும் சாலைக்கு வரப்போவதில்லை. அதனால்தான் அதைக் குழுவில் பேசியாக வேண்டும்.

கேன்டீன் குழுவில் இருப்பவர்களுக்கும், ஆலைகளின் மனிதவளத் துறையினருக்கும் என் வேண்டுகோள் சின்னதுதான். டீயைச் சர்க்கரை இல்லாமல் கொண்டுவந்து, சர்க்கரையைத் தனி டப்பாவில் பக்கத்தில் வையுங்கள். வேண்டுபவர் வேண்டிய அளவு போட்டுக்கொள்ளட்டும். நைட் ஷிப்டு பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது அவித்த முட்டை கொடுங்கள். அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக இதை எழுதிக்கொள்ளுங்கள்.