நாட்டுப்பண் தந்த இசைவாணர்

சிங்கப்பூரில் காலைதோறும் பள்ளிச் சிறார் எழுந்து நின்று பாடும் பண்ணை அறியாதார் இலர். அதை ஆக்கியவரை அறிந்தார் சிலரே. 'மஜுலா சிங்கப்பூரா'வை இயற்றிய ஜுபிர் சையிட், சுமத்திராவின் புக்கிட்டிங்கியில் 1907-இல் பிறந்தவர். இசை சமயத்துக்கு ஒவ்வாதெனத் தந்தையார் தடுத்தும், எண்களால் சுரங்குறிக்கும் முறையைப் பள்ளித் தோழரிடம் பயின்றார். 1928-இல் சிங்கப்பூர் வந்து பங்சவான் நாடகக் குழுவிலும், பின்னர் இசைத்தட்டு நிறுவனத்திலும், மலாய்ப் படநிலையங்களிலும் உழைத்தார்.

படத்துக்கு மெட்டமைத்தவர்தாமே என அவரை ஒதுக்குவாரும் உளர். இஃது ஆராயாத கூற்று. பாபநாசம் சிவன் கீர்த்தனமும் செய்தார், திரைப்பாட்டும் எழுதினார். ஒன்று மற்றொன்றைத் தாழ்த்திற்றா? 'டாங் அனோம்' படத்துக்கு ஜுபிர் அமைத்த மலாய் மரபிசை 1962-இல் சியோலில் நடந்த ஆசியப் படவிழாவில் பரிசு பெற்றது.

விக்டோரியா அரங்கின் மறுதிறப்புக்கென 1958-இல் நகராண்மைக் கழகம் அவரிடம் பாட்டு வேண்டிற்று. எல்லா இனத்தார்க்கும் விளங்கவேண்டும் என்பதற்காகச் சிறிய, எளிய மலாய்ச் சொற்களையே தேர்ந்தார். எழுத்தாளர் முகம்மது அரிப் அகமதின் துணையையும் நாடினார். புலமை காட்ட வாய்த்த இடத்தில் அதனை அடக்கியதே அவர் திறம். பாட்டு சுருக்கப்பட்டு 1959 டிசம்பர் 3-இல் நாட்டின் பண்ணாக அறிமுகமாயிற்று.

குறையே இல்லையோ எனின், உண்டு. பழைய ஜி சுருதி பொதுமக்கள் குரலுக்குச் சற்று உயரமே. 2001-இல் எஃப் சுருதிக்கு இறக்கி, பூன் இயூ தியென் புதிதாக வாத்திய இசை அமைத்தார். அரங்கில் பாடுவோர்க்கென எழுந்த பாட்டு திடலுக்கும் வகுப்பறைக்கும் வந்ததன் விளைவு இது, ஆக்கியோன் பிழையன்று.

இதனினும் பெருங்குறை பாடுவாரிடத்தது. தமிழ் மாணவர் பலர் சொல் பிறழாமல் பாடுவர். பொருள் கேட்டால் விழிப்பர். நாட்டுப்பண்ணை மலாயிலேயே பாடவேண்டும் என்பது விதி. அதன் பொருளைத் தமிழில் விளக்குவதை எவ்விதியும் தடுக்கவில்லை. 'மஜுலா' என்பது 'முன்னேறுக' எனும் கருத்துடையது என்று தொடங்கினால், முழுப்பாட்டுக்கும் ஒரு பாடவேளை மிகுதி. அது செய்யப்படாத வகுப்பில், சொல் எளிமைக்காக அவர் பட்ட பாடு தமிழ்ச் சிறாரளவில் வீணே.

ஜுபிர் 1987 நவம்பர் 16-இல் மறைந்தார். கலைப்பள்ளி நிற்கும் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சிராங்கூன் சாலையிலிருந்து மாணவரை அங்கு நடத்தியே அழைத்துப் போகலாம்.