முழுதும் முடுக்காத ஸ்க்ரூ

சின்னக் கார் என்றதும் வட மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு பெயர்கள் நினைவுக்கு வரும். ஒன்று ஹாட் வீல்ஸ். எங்கள் கூலிமிலிருந்து கொஞ்ச தூரத்தில், பிறையில்தான் அதன் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. பல கார்களைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ‘மலேசியா’ என்று பொறித்திருக்கும். இன்னொன்று தமியா. பேட்டரியைப் போட்டு, சுவர் வைத்த தடத்தில் விட்டுவிட்டால், யாராவது பிடித்து நிறுத்தும்வரை முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். முதலாவது பார்க்க, இரண்டாவது வேடிக்கை பார்க்க. ஓட்டுவதற்கென்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதுதான் ஸ்லாட் கார்.

தடத்தில் ஒரு பள்ளம், அதன் இரு பக்கமும் மின்சாரம் ஓடும் உலோகப் பட்டை. காரின் மூக்குக்கு அடியில் ‘கைடு’ என்ற சிறு தகடு பள்ளத்தில் இறங்கியிருக்கும். அதன் இருபுறமும் உள்ள செப்புப் பின்னல் பட்டையைத் தொட்டு மோட்டாருக்கு மின்சாரம் எடுக்கும். கையில் இருக்கும் கன்ட்ரோலரை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம். வளைவில் ஆசைப்பட்டு அழுத்தினால் கார் பள்ளத்தை விட்டுத் தெறித்துவிடும். இங்கிலாந்தின் ஃபிரெட் ஃபிரான்சிஸ் 1957-இல் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் ‘ஸ்கேலக்ஸ்ட்ரிக்’ என்ற பெயரில் இதை அறிமுகப்படுத்தினார். அதற்குப் பிறகு எத்தனையோ நிறுவனங்கள் வந்துவிட்டன. அவற்றில் இத்தாலியின் ‘ஸ்லாட்.இட்’ வெளியிட்ட போர்ஷே 962சி கிட்டைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். நிறுவனத்தைத் தொடங்கியவர் பெயர் மௌரிசியோ ஃபெராரி. ஃபெராரி என்ற பேரை வைத்துக்கொண்டு போர்ஷேயை இவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறாரே என்று சிரித்துவிட்டு, காருக்குள் போகலாம்.

இந்தக் காருக்கும் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. 1985 டிசம்பர் 1-ஆம் தேதி, ஷா ஆலம் பாத்து தீகா தடத்தில், உலக நீள்தொலைவுப் பந்தயத் தொடரின் சிலாங்கூர் 800 கிலோமீட்டர் போட்டி நடந்தது. ஜாக்கி இக்ஸும் யோஹன் மாஸும் மாறி மாறி ஓட்டிய ரோத்மன்ஸ் போர்ஷே 962சி வென்றது. லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஆறு முறை வென்ற இக்ஸுக்கு அந்தத் தொடரில் அதுவே கடைசி வெற்றி. அந்த ஆண்டு இந்த வகைக் கார்களுக்கு நல்ல ஆண்டும் அல்ல. ஆகஸ்டில் கனடாவின் மோஸ்போர்ட்டில் நேர்ந்த விபத்தால் மான்ஃபிரெட் விங்கெல்ஹாக் இறந்தார். செப்டம்பர் 1-இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் இக்ஸின் காரோடு மோதி ஸ்டெஃபன் பெல்லோஃப் இறந்தார். மூன்று மாதம் கழித்து நம் வெயிலில் இக்ஸ் ஓட்டிய காரின் வடிவம்தான் இந்தப் பெட்டிக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. 1999-இல் செப்பாங் பந்தயத் தடம் வந்தது; பாத்து தீகா பிறகு இடிக்கப்பட்டு வீடுகளாகிவிட்டது. தடம் போய்விட்டது, காரின் அச்சு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

962-இன் அண்ணன் 956. நோர்பர்ட் சிங்கர் தலைமையில் உருவாகி 1982-இல் லெ மானுக்குப் போன மூன்று கார்களின் எண்கள் 1, 2, 3. முதல் மூன்று இடங்களையும் அதே வரிசையில் பிடித்தன. அமெரிக்கப் போட்டி விதி, ஓட்டுநரின் பாதம் முன் அச்சுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று சொன்னதால், முன் சக்கரத்தை 120 மில்லிமீட்டர் முன்னால் தள்ளி 962 பிறந்தது. இந்தக் கிட்டின் 1:32 அளவில் அந்த 120 மில்லிமீட்டர் எவ்வளவு? நாலு மில்லிமீட்டருக்கும் குறைவு. மட்டமான தயாரிப்பாளர் 956-இன் பாடியிலேயே ஸ்டிக்கரை மாற்றி ஒட்டி 962 என்று விற்றுவிடுவார். ரசிகர் முதலில் பார்ப்பது அந்த நாலு மில்லிமீட்டரைத்தான். கதவுக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி சரியாக இருந்தால் முகத்தின் சாயலே மாறிவிடும்.

ஆனால் அளவு சரியாக இருப்பதோடு கலை முடிந்துவிடுவதில்லை. எங்கே அளவை மீறுவது என்று தெரிந்திருக்க வேண்டும். நிஜக் காரின் குறைந்தபட்ச எடை அன்றைய விதிப்படி 850 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றும் 32-இல் ஒரு பங்கானால் எடை 32,768-இல் ஒரு பங்காக வேண்டும். அதாவது 26 கிராம். 26 கிராமில் ஒரு கார் செய்தால் முதல் வளைவிலேயே பறந்துவிடும். கிட்டோ சுமார் 75 கிராம், மூன்று மடங்கு. வேகத்திலும் இப்படித்தான். மோட்டார் 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 21,500 சுற்று. 9 பல் பினியன், 28 பல் கிரவுன். பின் டயரின் விட்டம் சுமார் 20 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், சுமையில்லாமல் மணிக்கு 26 கிலோமீட்டர். அதை 32-ஆல் பெருக்கினால் 800-ஐத் தாண்டும். நிஜ 962சி லெ மானின் நீண்ட நேர்ச்சாலையில்கூட அதில் ஏறக்குறைய பாதியைத்தான் தொட்டது. ‘அளவு வேகம்’ என்று பெட்டியில் போட்டு மார் தட்டுவதில் அர்த்தமே இல்லை.

கிட்டின் அழகு தெரிய வேண்டுமென்றால் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். மோட்டாரும் பின் அச்சும் உட்காரும் மவுண்ட், சேசிஸோடு சேர்ந்து வார்க்கப்படாமல் தனித் துண்டாக வருகிறது. சேசிஸின் ஜன்னல் போன்ற இடத்தில் அதை வைத்து ஸ்க்ரூ போட வேண்டும். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கடைசிவரை முடுக்கிவிட்டு, பிறகு கால் சுற்று, அரைச் சுற்று பின்னால் தளர்த்துவார்கள். பாடியைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களுக்கும் அதே கதிதான். கூலிம் ஹைடெக் பூங்காவில் என்னோடு ஷிப்ட் பார்க்கும் தம்பி ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, டார்க் ரெஞ்ச் பிடிக்கிற கையால இப்படி லூஸா விடுறீங்க?” என்றார். அவர் கேட்டது நியாயம். சில்லுக்கான வேஃபர் ஓடும் இயந்திரத்தில் ஒரு போல்ட் இப்படி இருந்தால் அன்றைக்கு வேலை போய்விடும். இங்கே தளர்வுதான் வேலை. தடத்தின் இணைப்பில் பின் சக்கரம் குதிக்கும்போது அந்த அதிர்ச்சி மவுண்ட்டோடு நின்றுவிட வேண்டும். மூக்கில் இருக்கும் கைடு பள்ளத்தை விட்டு எழும்பக் கூடாது. கோயில் தேரின் மேல்கட்டை ஆணி அடிக்காமல் கயிறு கட்டி நிறுத்துகிறார்களே, அந்த நுட்பம்தான் இது. இறுக்கிக் கட்டினால் முறியும், ஆட விட்டால் நிற்கும்.

பல்சக்கரத்தை அச்சில் பிடிப்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஆலன் கீயால் முடுக்கும் ஒற்றைத் திருகு. கிரவுன் பினியனோடு சேரும் இடத்தில் மயிரிழை இடம் விட வேண்டும். நெருங்கினால் முனகும், விலகினால் கடகடக்கும். காதில் வைத்துக் கேட்டுச் சரிசெய்வதுதான் வழி. அதன் பிறகு டயர். ரிம்மில் பசை போட்டு ஒட்டி, உலர்ந்த பின், சமமான கண்ணாடியில் ஒட்டிய உப்புத்தாளின் மேல் காரைப் பிடித்து மோட்டாரை மெல்ல ஓட விடுவார்கள். முதலில் டயரின் ஓரம் மட்டும் மங்கும், கொஞ்சம் கொஞ்சமாக முழு அகலமும் ஒரே நிறத்துக்கு வரும். அப்போது எழும் வாசம் எஸ்டேட்டில் வளர்ந்த யாருக்கும் புதிதல்ல. ரப்பர் வெயிலில் எப்படி இளகும், தூசியில் எப்படிப் பிடி விடும் என்பதைப் பால்மரம் வெட்டிய வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் ஊர் வெக்கையில் ஒரு மணி நேரம் ஓடிய டயரும் குளிர்சாதன அறையில் ஓடிய டயரும் ஒன்றாக நடந்துகொள்ளாது.

பெட்டியில் ஒரு சின்னக் காந்தமும் வரும். நிஜ 962-இல் வண்டியின் வயிற்றுக்கு அடியில் இரண்டு சுரங்கங்கள் உண்டு. அவற்றின் வழியே விரையும் காற்று வண்டியைச் சாலையோடு உறிஞ்சிப் பிடிக்கும். அவற்றுக்கு இடம் விடுவதற்காக இன்ஜினையே சற்றுச் சாய்த்து வைத்தார்கள். 1:32-இல் காற்று அந்த வேலையைச் செய்யாது. தடத்தின் இரும்புப் பட்டையைக் காந்தம் இழுத்துப் பிடிக்கும். காந்தத்தோடு ஓட்டினால் வளைவில் கவலை இல்லை, ருசியும் இல்லை. கழற்றிவிட்டால் வேகம் குறையும், ஆனால் பின்பக்கம் சறுக்குவதை விரலில் உணரலாம். தேர்ந்தவர்கள் முதல் வேலையாக அதைக் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

விரலும் தடமும் பேசிக்கொள்ள கன்ட்ரோலர் வேண்டும். பழையவை மின்தடைக் கம்பி வகை, கையிலேயே சுடும். புதியவற்றில் பல மின்சாரத்தை மிக வேகமாக வெட்டி வெட்டி அனுப்புகின்றன. அதைச் செய்பவை மின்திறன் சில்லுகள். மின்திறன் சில்லுகளுக்காக இன்ஃபினியன் நிறுவனம் 2006-இல் கூலிமில் ஆலை திறந்தது. பகலில் நம் ஊரில் பிறக்கும் இந்தச் சரக்கின் குணம், இரவில் ஒரு பொம்மைக் காரை மிருதுவாக வளைவிலிருந்து வெளியே எடுக்கும்போதுதான் கைக்குப் புரிகிறது.

வண்ணம் கடைசி வேலை, நம் ஊரில் கடினமான வேலையும்கூட. ரோத்மன்ஸ் காரென்றால், வெள்ளை பாடிக்கு அடர்நீலம் அடித்து, நடுவே தங்கமும் சிவப்புமான மெல்லிய கோடுகளை டீகாலால் ஒட்ட வேண்டும். மழை வரப்போகும் மாலையில் ஸ்ப்ரே எடுக்கவே கூடாது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து, நீலம் பூஞ்சை பிடித்ததுபோல் வெளுத்துவிடும். கதவு இடுக்கின் மேல் போகும் கோட்டை ஒட்டி, ஈரம் இருக்கும்போதே இடுக்கு வழியாக பிளேடால் கீறி, இரு பக்கமும் உள்ளே மடித்துவிட வேண்டும். அதைச் செய்யாத கார் ஸ்டிக்கர் ஒட்டிய சோப்புக் கட்டி. சிகரெட் விளம்பரத் தடையால் பல மாடல்களில் ‘ரோத்மன்ஸ்’ என்ற எழுத்தே இருக்காது. அது குறையாகத் தெரியவில்லை. சில நாடுகளில் நிஜக் காரே அந்த இடத்தில் ‘ரேசிங்’ என்று எழுதிக்கொண்டுதான் ஓடியது.

இதையெல்லாம் அழகாகச் செய்து கண்ணாடி அலமாரியில் பூட்டிவைப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு என் யோசனை, ஒரு டைகாஸ்ட் மாடல் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உள்விவரம் இன்னும் கூடுதலாக இருக்கும். 962சி நீண்ட தூரம் தாங்குவதற்காகப் பிறந்த கார். அதன் கிட்டை மதிப்பிடவும் அதே அளவுகோல்தான். ஷா ஆலமின் 800 கிலோமீட்டரை 32-ஆல் வகுத்தால் 25 கிலோமீட்டர். இருபது மீட்டர் தடம் என்றால் 1,250 சுற்று. நண்பர் ஒருவரோடு கன்ட்ரோலரை மாற்றி மாற்றிப் பிடித்து, நடுவில் டயரைத் துடைத்து, பின்னலைச் சீவி, அந்த 25 கிலோமீட்டரை ஓட்டி முடியுங்கள். பிறகு காரைக் கவிழ்த்து, தளர்த்தி வைத்த ஸ்க்ரூக்கள் வைத்த இடத்திலேயே நிற்கின்றனவா என்று பாருங்கள். நின்றால் நல்ல கிட், நல்ல கை. கழன்றிருந்தால், வண்ணம் எவ்வளவு மின்னினாலும், அந்தக் கார் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை.