தனிக்கடை உரிமையும் சிறுகுழு ஆட்டக்காரரும்

கணிப்பொறி விளையாட்டு ஒன்றை ஒரே மின்கடையில் மட்டும் விற்கும் தனியுரிமை குறித்து இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. கடை மாறினும் ஆட்டம் மாறாது, ஆதலின் இழப்பில்லை என்பர் ஒரு சாரார். எவ்வகைத் தனியுரிமையும் தீதே என்பர் மற்றொரு சாரார். 'பீனிக்ஸ் பாயிண்ட்' என்னும் ஆட்டத்தின் வரலாறு கொண்டு இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

பல்கேரிய நாட்டு ஸ்னாப்ஷாட் கேம்ஸ் நிறுவனம் ஜூலியன் கோலப் தலைமையில் ஆக்கிய போர்த்தந்திர ஆட்டம் இது. 2017-இல் ஆர்வலர் பலர் முன்பணம் ஈந்தனர். ஸ்டீம் அல்லது ஜி.ஓ.ஜி. கடைவழிப் படி தருவதாக அவர்க்கு உறுதி கூறப்பெற்றது. 2019 மார்ச்சிலோ, எபிக் கடைக்கே ஓராண்டுத் தனியுரிமை என அறிவிப்பு வந்தது.

ஸ்டீம் பொதுவாக விற்பனையில் நூற்றுக்கு 30 பங்கு கொள்ள, எபிக் அந்நாளில் 12 பங்கே கொண்டது. சிறு நிறுவனத்திற்கு இது பேருதவி என்பதை மறுத்தற்கில்லை. விரும்பினோர்க்குப் பணத்தைத் திருப்பித் தரவும் அந்நிறுவனம் முன்வந்தது.

ஆயினும், இத்தகைய ஆட்டங்களை விரும்புவோர் தொகையிற் சிலர். பல நாடுகளில் சிதறி வாழ்வோர். கடையின் கருத்துரைப் பகுதியும் விவாத அரங்கும் அவர்தம் கூடுமிடங்களாம். எபிக் கடையில் அந்நாளில் இவ்விரண்டும் இல்லை. ஜி.ஓ.ஜி. படியோ பூட்டற்றது, கடை மறையினும் வாங்கியோனிடம் நிற்பது. எனவே கடையும் வாங்கும் பொருளின் ஒரு கூறே என்பது பெறப்படும்.

2020 டிசம்பரில் ஸ்டீமிலும் அவ்வாட்டம் வெளிவந்தது. எனினும், முதற்கண் துணைநின்றோர் அக்கடையில் அதனைப் பெற ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. முன்னரே அறிவித்த தனியுரிமை வாணிகம். பொருள் பெற்றபின் புகுத்திய தனியுரிமை சொல் தவறுதல். இவ்வேறுபாட்டை நோக்காமையே இருசாரார் கூற்றிற்கும் குறை என்பது எம் துணிபு.