பார்வையும் உழைப்பும்: யப்பானியக் காதற் சித்திரக்கதை ஒன்றைப் பற்றிய சில குறிப்புகள்

கலைஞனுக்கும் அவன் முன்னே மாதிரியாக அமரும் பெண்ணுக்கும் இடையிலான உறவு, ஐரோப்பியப் புனைகதையிலே பலகாலம் எடுத்தாளப்பட்டு வந்ததொரு பொருளாகும். 1831இல் வெளிவந்த பல்சாக்கின் 'அறியப்படாத தலைசிறந்த படைப்பு' என்னும் கதையை இவ்வகையில் முதலிற் குறிப்பிடுதல் தகும். 1867 பெப்ரவரியில், 'மூலதனம்' முதற் பாகம் முடிவுறும் தறுவாயில், அக்கதையை வாசிக்கும்படி மார்க்ஸ் ஏங்கெல்சுக்கு எழுதினார். அதிலே இளம் ஓவியனான பூசேன், முதிய ஓவியர் ஒருவர் மறைத்து வைத்திருக்கும் ஓவியத்தைக் காணும் பொருட்டுத் தன் காதலி ஜிலெத்தை அவருக்கு மாதிரியாக நிற்கச் செய்கின்றான். பெண் பரிமாற்றப் பொருளாகின்றாள். காதல் அங்கேயே முறிகின்றது. 1886இல் சோலா எழுதிய 'படைப்பு' நாவலில், ஓவியனின் மனைவி கிறிஸ்ரீன், தன் உடலையே மாதிரியாகக் கொண்டு வரையப்பட்ட பெண்ணிடம் தன் கணவனை இழக்கின்றாள். கலை பெண்ணை உட்கொண்டே வளர்கின்றது என்பதை இவ்விரு யதார்த்தவாதிகளும் மறைக்கவில்லை.

இப்பழைய பொருள் அண்மைக்கால யப்பானியச் சித்திரக்கதை ஒன்றிலே எவ்வாறு உருமாறியுள்ளது என்பதே நாம் இங்கு நோக்க விரும்புவது. புகுடா ஷினிச்சி எழுதி வரைந்த அக்கதையின் தலைப்பை 'அந்தப் பிஸ்க் பொம்மை காதல்கொள்கின்றது' என மொழிபெயர்க்கலாம். இளம் ஆண்களை நோக்கி வெளிவரும் 'யங் கங்கன்' சஞ்சிகையில் 2018 முதல் 2025 வரை தொடராக வந்து, பதினைந்து தொகுதிகளில் நிறைவெய்தியது. தொலைக்காட்சித் தொடராக 2022இலும் 2025இலும் உலகெங்கும் பார்க்கப்பட்டது. இத்தகைய 'மங்கா'க்களை வணிகக் குப்பை என ஒதுக்கிவிடுவது முற்போக்கு விமரிசகர் பலருக்கு எளிதாக இருக்கின்றது. இலட்சக்கணக்கானோரின் ஆசைகள் எங்கே எவ்வாறு உருவாக்கப்படுகின்றன என்று ஆராயாத விமரிசனம், தன்னைப் பொருள்முதல்வாத விமரிசனம் என அழைத்துக்கொள்வதில் நியாயமில்லை.

கதை எளிமையானது. வகானா கோஜோ பாடசாலை மாணவன். 'ஹினா' பொம்மைகளுக்குத் தலை செய்யும் கைவினைஞரான தாத்தாவிடம் வளர்பவன். அத்தொழிலையே வாழ்வாகக் கொள்ள விரும்புபவன். வீட்டுத் தையல் இயந்திரம் பழுதாகிவிடவே, பாடசாலையில் உள்ள இயந்திரத்தில் பொம்மைக்கு உடை தைக்கின்றான். அவ்வேளையில் அவனைக் காணும் சகமாணவி மரின் கிதகவா, தான் விரும்பும் கணினி விளையாட்டுப் பாத்திரம் ஒன்றாக வேடம் புனைவதற்கு உடை தைத்துத் தருமாறு வேண்டுகின்றாள். இவ்வேடப் புனைவையே 'கொஸ்பிளே' என்பர். உற்பத்திச் சாதனம் பழுதாவதிலிருந்து காதற்கதையொன்று தொடங்குவது எமக்குச் சற்று மகிழ்ச்சியளிப்பதை மறைப்பானேன்.

இங்கு நிகழ்ந்துள்ள மாற்றத்தைக் கவனித்தல் வேண்டும். ஜிலெத் இன்னொருவனின் விருப்பத்துக்காக மாதிரியாகின்றாள். மரினோ தானே கருத்தைக் கொண்டுவருகின்றாள், தானே பணிக்கின்றாள், முடிந்த படைப்பைத் தானே அணிந்து நடக்கின்றாள். படைப்பு அவளிடமிருந்து பிரிக்கப்பட்டுச் சட்டகத்துள் தொங்கவிடப்படுவதில்லை. மறுபுறம், கோஜோ தனிமையில் எரியும் மேதையல்லன். பட்டறை மரபிலே வந்த தொழில் பயில்பவன். கதை நிகழும் இவத்சுகி, இன்று சைத்தாமா மாநகரத்தின் ஒரு பகுதி. பொம்மைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற பழைய ஊர். அங்கு தலை செய்வோர், முடி பொருத்துவோர், கைகால் செய்வோர், உடை தைப்போர் எனத் தொழில் பிரிவுற்றிருந்தது. மரத்தூளைப் பசையுடன் பிசைந்து வார்த்த தலைமீது சிப்பி ஓட்டுச் சுண்ணத்தை மீண்டும் மீண்டும் பூசி, மெல்லிய தூரிகையால் முகம் எழுதுவர். முகம் எழுதுவதில் தான் இன்னும் தேறவில்லை என்பதே கோஜோவின் கவலை. (தலைப்பிலுள்ள 'பிஸ்க்' ஐரோப்பியப் பீங்கான் பொம்மையைக் குறிப்பது; அவன் செய்வதோ வேறு வகை. சந்தைக்கு ஏற்ற பெயர் கைவினையின் பெயரை மூடிவிடுகின்றது.)

கதையின் சிறப்பு உழைப்பைக் காட்டும் பக்கங்களிலேயே உள்ளது. துணியைத் தொட்டுப் பார்த்தல், வெட்டுப்படிவம் வரைதல், பாத்திரத்தின் இயல்பை அறிவதற்காக அவ்விளையாட்டையே முழுமையாக ஆடிப் பார்த்தல், பொம்மை முகத்திற் பயின்ற கைத்திறனை மனித முகத்து ஒப்பனைக்கு மாற்றுதல் ஆகியன அவசரமின்றி வரையப்பட்டுள்ளன. தொழிலறிவு பாத்திரமாகவே இயங்கும் இத்தகைய எழுத்தை இன்றைய உயர்ந்த நாவல்கள் பலவற்றிலும் நாம் காண்பதில்லை. உண்மையில் அழகானது எனத் தான் கொள்வதற்கன்றி 'அழகு' என்னும் சொல்லை வழங்காதவன் கோஜோ. முதல் வேடப் புனைவு நாளின் முடிவிலே, புகையிரதத்தில், அரைத் தூக்கத்தில் அச்சொல் அவன் வாயிலிருந்து வருகின்றது, மரின் காதலுறுகின்றாள். கைவினைஞனின் மதிப்பீடு ஒன்றே காதல் மொழியாகும் இவ்விடம் நுட்பமானது.

சிறுவயதில், பெண்பிள்ளைகளின் பொம்மையை விரும்பியதற்காக ஒரு சிறுமியால் வெறுக்கப்பட்டவன் அவன். பொம்மையைச் செய்து விற்பது ஆணுக்குத் தொழில். அதனை விரும்புவது ஆணுக்கு இழிவு. பால்நிலை சார்ந்த கருத்துநிலையின் இம்முரண்பாட்டைக் கதை ஓரளவு துணிவுடனேயே கையாள்கின்றது.

எனினும், கதை சொல்வது ஒன்று, பக்கம் செய்வது வேறொன்று. உடலளவு எடுக்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். கதையின்படி கோஜோவின் பார்வை அளவுகோலின் பார்வை. துணிக்கும் உடலுக்கும் இடையிலான உறவைக் காண்பது. வெட்கமும் தடுமாற்றமும் அவனுக்குண்டு. ஆயினும் உழைப்பு அவற்றைக் கட்டுப்படுத்துகின்றது. ஆனால் வரைகோடோ அவனுடைய கண்ணைப் பின்பற்றாமல் சஞ்சிகையை வாங்குபவனின் கண்ணைப் பின்பற்றுகின்றது. பாடசாலை மாணவியொருத்தியின் உடல், தையற்காரனுக்குத் தேவையற்ற கோணங்களிலிருந்து, தேவைக்கு மேலாகக் காட்டப்படுகின்றது. இதனைச் சுவையான குறும்பு என்று கடந்துவிட நாம் உடன்பட மாட்டோம். கோஜோவின் பார்வை பயன்பெறுமதியைச் சார்ந்தது. பக்கத்தின் பார்வை பரிமாற்றப் பெறுமதியைச் சார்ந்தது. பூசேன் ஜிலெத்தை முதிய ஓவியருக்கு ஒப்படைத்தான். இங்கு நாயகனின் கை தூய்மையாக இருக்க, அவ்வேலையைச் சஞ்சிகையே செய்துமுடிக்கின்றது.

கூலி பற்றிய மௌனமும் இதனோடு சேர்ந்ததே. பொதுவேடப் புனைவு நிகழ்ச்சி இரண்டே வாரத்தில் வருவதாகத் தவறாக விளங்கிக்கொள்ளும் கோஜோ, பரீட்சையும் நெருங்க, இரவு பகலாகத் தைத்து முடிக்கின்றான். உண்மை அறிந்த மரின் அழுகின்றாள். அக்கண்ணீர் போலியன்று, தன் மகிழ்ச்சிக்காக இன்னொருவன் எவ்வளவு உழைத்தான் என்பதை அவள் ஒரு கணத்தில் காண்கின்றாள். அங்கே உழைப்பு வெளிப்படுகின்றது. ஆனால் கடனாக அன்று, அன்பாகவே வெளிப்படுகின்றது. சந்தைக்கு வெளியே நிகழும் அந்நியமாகாத உழைப்பு என்னும் கனவு அழகியதே. அக்கனவைக் கூலியற்ற உழைப்பாக மட்டுமே கற்பனை செய்ய முடிவது இக்கதையின் எல்லை. அவர்கள் உயிரூட்டும் பாத்திரங்களும் விற்பனைக்கு வந்த பண்டங்களே என்பதை அது ஒருபோதும் உரக்கச் சொல்வதில்லை.

ஹினா பொம்மைகள் மார்ச் 3ஆந் திகதிப் பெண்குழந்தைகளின் விழாவுக்காக வாங்கப்படுபவை. 2024இல் யப்பானிலே பிறந்த குழந்தைகளின் தொகை 7 இலட்சத்துக்கும் குறைவு. வீடுகளிற் பொம்மையடுக்குகளை விரித்து வைக்க இடமும் குறைந்துவிட்டது. கோஜோ முகம் எழுதக் கற்றுத் தேறும் நாளில் அத்தலைகளை வாங்குவோர் யார் என்ற கேள்வி, கைவினையை இத்துணை அன்புடன் வரைந்த பதினைந்து தொகுதிகளிலும் காதலின் பின்னால் ஒதுக்கப்பட்டே கிடக்கின்றது.