ஆசானும் நிழலும்: விளையாட்டு நாடகங்களில் ஆசிரியன் நிற்கும் இடம்

கற்பிப்போனுக்கும் கற்போனுக்கும் இலக்கணம் கூறும் தமிழ் நூல்களுள் பவணந்தியாரின் நன்னூல் சிறந்தது. அதன் பொதுப்பாயிரம் ஆசிரியனை நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றோடு ஒப்பிடுகின்றது. மாணாக்கனைப் பற்றிக் கூறுமிடத்து, தீக்காய்வான் போல மிக அணுகாமலும் மிக அகலாமலும், நிழலைப் போல நீங்காமலும் ஆசிரியனைச் சார்ந்தொழுகுதல் அவன் கடன் என வரையறுக்கின்றது. இவ்வுவமையில் ஆசிரியன் உரு; மாணாக்கன் நிழல். உரு செல்லும் வழியே நிழலும் செல்லும். கற்றல் என்பது ஆசிரியன் இருக்குமிடத்தே நிகழ்வது என்னும் கருத்து இதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

இவ்வுவமை தலைகீழாக மாறும் நாடகவகையொன்று நம் காலத்தே வளர்ந்துள்ளது. விளையாட்டுப் பயிற்சியாளனையும் அவனிடம் பயில்வோரையும் பொருளாகக் கொண்ட நாடகமே அது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1978 நவம்பர் முதல் 1981 மார்ச்சு வரை ஐம்பத்து நான்கு பகுதிகளாக ஒளிபரப்பான ‘தி ஒயிட் ஷேடோ’ என்னும் தொடர்நாடகம் இவ்வகையுள் முற்பட்ட ஒன்று. இதனை உருவாக்கியவர் புரூசு பால்ட்ரோ. கென் ஹோவர்டு நடித்த கென் ரீவ்சு என்பவன் முழங்காற் புண்ணால் தொழில்முறை ஆட்டத்தைத் துறந்தவன். தன் பழைய நண்பன் தலைமையாசிரியனாக உள்ள லாசு ஏஞ்சல்சு நகரத்துக் கார்வர் உயர்நிலைப் பள்ளியில் கூடைப்பந்துப் பயிற்சியாளனாகின்றான். அவனோ வெள்ளையன், மாணவருட் பெரும்பாலோர் கறுப்பினத்தார். அவர்கள் வைக்கும் ஒவ்வோரடியிலும் தான் பின்னிற்பதாக அவன் உறுதி கூற, வெள்ளை நிழலைப் போலவோ என மாணவனொருவன் எள்ளுகின்றான். நாடகத்தின் பெயர் இவ்வெள்ளலினின்றும் பிறந்தது. நன்னூலில் மாணாக்கன் நிழலாயினான். ஈண்டு ஆசிரியன் நிழலாகின்றான். இம்மாற்றம் சொல்லளவில் நிற்பதன்று. நாடகத்தின் இயல்பையே உணர்த்துவது என்பது எம் துணிபு.

இதனைத் தெளிதற்கு ஆசான் நிற்கும் இடம் யாது என வினவுதல் வேண்டும். கலைதொறும் இவ்விடம் வேறுபடும். காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியை நோக்குவோம். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாய் அமையும் கோர்வைச் சேலையை நெய்தற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளர் ஒருவரால் அஃது இயலாமையின், கரைநாடாவை எறிந்து வாங்கத் துணையொருவர் உடனமர்வர். துணையிருந்தவாறே தொழில் பயின்று பின்னர்த் தனித்தறிக்கு உரியவரானோர் பலர். இங்கு ஆசான் மாணாக்கனின் பக்கத்தே உள்ளான். இருவர் கையும் நெய்வது ஒரே துணி. மாணாக்கன் பிழைத்தால் அப்பிழை ஆசானின் சேலையிலேயே தோன்றும். இந்நெருக்கம் முற்றும் புகழத்தக்கதன்று. இவ்விடத்திற் சிறுவரை அமர்த்திய பழைய வழக்கம் அவர்தம் பள்ளிப்படிப்பைப் பறித்ததனையும் மறத்தற்கில்லை.

காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த ஊர்களில் ஆடப்பெறும் கட்டைக்கூத்தில் ஆசானின் இடம் வேறு. கூத்து பயிற்றுவோரை ‘வாத்தியார்’ என்றே வழங்குவர். ஆடுவோன் முன்னே பாடியாட, பின்பாட்டுக்காரர் அவன் அடியை வாங்கிப் பாடுவர். அடி தவறினும் குரல் தளரினும் பின்னின்று ஏந்திக்கொள்ளும் ஏற்பாடு இது. இங்கு ஆசான் மாணாக்கனின் பின்னே உள்ளான். புஞ்சரசந்தாங்கலில் 2002-இல் தோன்றிய கட்டைக்கூத்துக் குருகுலம் இக்கலையையும் பள்ளிக் கல்வியையும் ஒருங்கே பயிற்றிற்று. தறியிற் சிறுவர் இழந்த ஒன்றைக் கூத்து பயின்ற சிறுவர்க்கு அது காத்தளித்தது எனலாம்.

விளையாட்டில் ஆசான் பக்கத்திலும் இல்லை, பின்னும் இல்லை, புறத்தே உள்ளான். கூடைப்பந்தில் ஆடுகளத்தின் எல்லைக்கோடும், குத்துச்சண்டையில் மேடையைச் சூழ்ந்த கயிறும் அவனைத் தடுக்கின்றன. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடைப்பட்ட ஒரு நிமிடமே அவன் சொல்லுக்கு உரியது. அதன் பின்னர் அடி வாங்குவோன் மாணாக்கன். ஆசானால் கண்டுநிற்றலன்றி வேறொன்றும் இயலாது. நிழல் உடன்வரும், ஆயின் அடியைத் தாங்காது. இவ்வகை நாடகத்தின் அவலச்சுவைக்கு ஊற்று இதுவே. களத்தின் எல்லையை வாழ்வின் எல்லையாக விரித்துக் காட்டும் படைப்பே இவ்வகையுள் உயர்ந்தது என யாம் கொள்கின்றோம்.

இவ்வளவுகோல் கொண்டு நோக்குமிடத்து, ‘தி ஒயிட் ஷேடோ’வில் நிறையும் குறையும் ஒருங்கே புலனாகின்றன. மாணவர்தம் வாழ்க்கைச் சிக்கலொன்று ஒருமணிப் பொழுதில் தோன்றி அப்பொழுதிலேயே தீர்வது தொடர்நாடகத்துக்குரிய வசதி. அவ்விடங்களில் ரீவ்சு நிழலாயிராமல் ஒளியாகிவிடுகின்றான். கறுப்பின மாணவர்க்கு வெள்ளையனே வழிகாட்டி என்னும் தோற்றம் எழுகின்றது. இதற்கு மாற்றாக நிற்பவர் துணைத் தலைமையாசிரியை சிபில் புக்கானன். பந்தாட்டத்தினும் படிப்பே பெரிதென அவர் வாதிடுந்தோறும் பயிற்சியாளனின் அறிவு களத்தளவினது என்பது விளங்குகின்றது. இரண்டாம் பருவத்தின் இறுதியில் நாடகம் தன் உயர்நிலையை எய்துகின்றது. ஆட்டக்காரருள் ஒருவனாகிய கர்ட்டிசு சாக்சன், மதுக்கடையொன்றில் நிகழ்ந்த கொள்ளையின்போது அங்கிருந்தமையால் சுடப்பட்டு இறக்கின்றான். குழு நகர வாகையைச் சூடுகின்றது. எனினும் அவ்வெற்றி அச்சாவுக்கு விடையாகவில்லை. ஒவ்வோரடியிலும் பின்னிற்பேன் என்றவன் அக்கடையில் இல்லை, இருத்தலும் இயலாது. வாக்குப் பொய்த்தது அவன் குற்றத்தாலன்று, நிழலின் இயல்பால்.

தமிழில் இவ்வினாவை ஆழமாக எழுப்பிய படைப்பு, பா. இரஞ்சித்து இயக்கி 2021 சூலையில் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’. வடசென்னைக் குத்துச்சண்டையே இதன் களம். சார்பட்டா, இடியாப்பம் என்னும் இரு பரம்பரையாரின் பகை கதைக்கு முதுகெலும்பு. பசுபதி நடித்த இரங்கன் ‘வாத்தியார்’ என்றே விளிக்கப்பெறுகின்றார். கூத்துக்கும் குத்துச்சண்டைக்கும் பொதுவாய் நின்ற இச்சொல், ‘பயிற்சியாளர்’ என்னும் புதுச்சொல் ஏந்தாத உறவின் சுமையை ஏந்துகின்றது. ஆரியா நடித்த கபிலன், வேம்புலியை வெல்லும் நிலையில் இருக்கும்போது, தி.மு.க. அரசு கலைக்கப்பட்ட செய்தியோடு காவலர் வந்து வாத்தியாரைச் சிறைப்படுத்துகின்றனர். அவ்வரசு கலைக்கப்பட்டது 1976 சனவரி 31-ஆம் நாள். அதே மேடையில் கபிலன் ஆடை களையப்பெற்று இழிவுறுகின்றான். வரலாறு கயிற்றைக் கடந்து மேடையேறுகின்றது. ஆசானோ கயிற்றுக்கு அப்பால் மட்டுமன்றிச் சிறைக்கு அப்பாலும் அகற்றப்படுகின்றார். அதன் பின்னர்க் கபிலன் சிறை, சாராயம், குடி எனப் படிப்படியாகத் தாழ்கின்றான்.

படத்தின் நுட்பம் தாய் பாக்கியத்தின் கூற்றில் உள்ளது. குத்துச்சண்டை வீரனாயிருந்த தன் கணவன் அடியாளாகி மாண்டமையின், மகன் மேடையேறுதலை அவள் முதலிலிருந்தே தடுக்கின்றாள். சண்டைக்கலை மேடையை விட்டுத் தெருவுக்கு இறங்கும் என்பதை அவள் அறிவாள். வாத்தியார் அறியாரோ எனின், அறிவார். ஆயின் பரம்பரையின் மானம் அவர் கண்ணை மறைக்கின்றது. சிபில் புக்கானனும் பாக்கியமும் ஓரினம். களத்துக்கு அப்பாலுள்ள உலகின் வழக்கறிஞராக இருவரும் நிற்கின்றனர். பின்னர்க் கபிலனை மீளப் பயிற்சிக்கு உந்துபவளும் அத்தாயே. கடற்கரையிற் பயிற்றுபவரோ பீடி இராயப்பன். ஓர் ஆசானிடம் முழுமையும் குவியாமல், ஆசிரியத்தன்மை பலரிடம் பகிர்ந்து நிற்கின்றது. ஒருவரே அனைத்துமாகும் தலைவனை நாடும் நம் திரைமரபில் இஃது அரியதொரு துணிவு.

எனினும் குறையொன்று உளது. வேம்புலியோடு மீண்டும் நிகழும் இறுதிச் சண்டையில் கபிலன் வெல்ல, படம் அவ்வாரவாரத்தோடு முடிகின்றது. தாய் தொடக்கத்தில் எழுப்பிய அச்சத்துக்கு வெற்றி விடையாகுமோ? கணவனும் ஒருகால் வென்றவனே. வென்ற பின்னர் அவனுக்கு நேர்ந்தது மகனுக்கு நேராது என்பதற்குப் படம் காட்டும் உறுதி போதாது. இவ்விடத்தில், வாகை சூடிய பின்னும் சாவின் நிழலை அகற்றாத அமெரிக்க நாடகம் மேம்படுகின்றது. ஆசானை மனிதனாக்கிக் காட்டுவதிலோ தமிழ்ப்படம் மேம்படுகின்றது. ஏனெனில் அதன் வாத்தியார் எல்லாச் சிக்கலையும் தீர்ப்பவரல்லர்.

நன்னூலார் வகுத்த மாணாக்கன் ஆசானை நீங்காதிருந்து கற்றான். அவனுக்கு அந்நிழற்றன்மை காப்பாயிற்று. இந்நாடகங்களின் மாணாக்கர்க்கோ கற்றது பயன்படவேண்டிய இடம் ஆசான் இல்லாத இடம். ஆதலின் இனி இவ்வகைப் படைப்புகளை ஆராய்வோர், இறுதியில் வென்றவர் யாவர் என்பதனோடு அமையாது, ஆசான் இல்லாத பொழுதுகளைப் படைப்பாளன் எங்ஙனம் நடத்தினான் என்பதனை முதற்கண் வினவுதல் தகும்.